மல்லாங்கிணறும் மறைநூலின் மூதாதையரும்

விருதுநகருக்கு வடகிழக்கே, காரியாபட்டி வட்டத்தில், கரிசல் நிலத்தின் நடுவே அமைந்துள்ள பேரூர் மல்லாங்கிணறு. கோடையில் அந்நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டாலோ, அதே மண் நடப்பவர் காலை விடாது பற்றிக்கொள்ளும். பருத்தியும், கம்பும், சோளமும், மல்லியும் வானத்தை நம்பி விதைக்கப்படும் பூமி இது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கில்லை. கண்மாய் பெருகினால் ஊர் சிரிக்கும். கண்மாய் வறண்டால் ஊர் கிணற்றை நாடும். ஆகவேதான் இப்பகுதி மக்களின் பேச்சில் கிணற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. கிணறு வெட்டினான் என்றால், தனக்குப்பின் வருவோர்க்கும் வழி செய்தான் என்பதே பொருள்.

ஊரின் பெயரே இதனைச் சொல்லாமல் சொல்கிறது. மல்லாங்கிணறு என்று உச்சரிக்கும்போது, கேட்பவர் காதுக்கு மல்லன் என்னும் ஒருவனும், அவன் வெட்டிய கிணறும் என்றே ஒலிக்கிறது. அரசன் பெயரும் படைத்தலைவன் பெயரும் தாங்கிய ஊர்கள் எத்தனையோ உண்டு. இங்கோ ஊரின் பெயரில் ஒரு கிணறு நிலைத்து நிற்கிறது. நீர் தந்தவனின் நினைவை நிலம் மறப்பதில்லை போலும்!

இவ்வூரின் பெயரைக் கேட்கும் கிறிஸ்தவ வாசகருக்குத் தொடக்கநூலின் 26-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பெற்ற கிணறுகளை, அவர் இறந்தபின் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டனர். அவருடைய மகன் ஈசாக்கு அக்கிணறுகளை மீண்டும் தோண்டினார். அத்துடன் நில்லாது, தம் தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு மறுபடியும் இட்டார். ஆபிரகாமைப்போல் நாடு விட்டு நாடு சென்றவரல்லர் ஈசாக்கு. யாக்கோபைப்போல் பன்னிரு குலங்களுக்குத் தந்தையானவரும் அல்லர். பெருந்தந்தையர் மூவருள் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் அவரே. எனினும், தூர்ந்துபோன கிணற்றைத் தூர் வாரிப் பழைய பெயரை அதற்கு மீட்டுக் கொடுத்த செயல் சிறியதன்று. நம்பிக்கை ஒரு குடும்பத்தில் தலைமுறை தாண்டி நிற்பது இவ்வகை உழைப்பினாலேதான்.

மறைநூலில் காணப்படும் தலைமுறை அட்டவணைகளும் இத்தகைய கிணறுகளே. மேலே பெயர் என்னும் கல் அடுக்கு மட்டும் தெரியும். குனிந்து பார்ப்பவனுக்கே உள்ளிருக்கும் நீர் தெரியும்.

பெயர்களைத் தாண்டிச் செல்லும் பழக்கம்

குடும்ப செபத்தில் விவிலியம் வாசிக்கும்போது நம்மில் பலர் செய்வது என்ன? தொடக்கநூலின் 5-ஆம் அதிகாரம் வந்தால் ஏடு புரட்டுகிறோம். குறிப்பேடு முதல் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்கள் வந்தால் மொத்தமாகவே கடந்து விடுகிறோம். டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் தொடக்கம் வாசிக்கப்படும்போது, நாவில் புரளாத அப்பெயர்களைக் கேட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதும் உண்டு.

ஆனால் கரிசல் நாட்டு மக்களுக்குக் கொடிவழி சொல்லுதல் புதிதன்று. யார் வீட்டுப் பிள்ளை, எந்த வகையறா, பாட்டன் யார், பூட்டன் எங்கிருந்து வந்தார் என்று கேட்டறிந்த பின்னரே இங்குப் பேச்சுத் தொடரும். இம்மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' நாவலில், ஒரு குலம் தெற்கே வந்து காடழித்துக் குடியேறிய கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதிய பாட்டிதான் சொல்கிறாள். மல்லாங்கிணற்றில் பிறந்த கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் கரிசல் மண்ணின் மாந்தரைத் தம் கவிதைகளில் நினைவுகூர்ந்து வருகிறார். முன்னோரை மறவாமை இந்நிலத்தின் இயல்பு. அந்த இயல்போடு மறைநூலை அணுகினால், அதன் பெயர்ப் பட்டியல்கள் நமக்கு உறவினர் வீட்டுத் திண்ணையாக மாறிவிடும்.

எகிப்தின் இருளில் மூவர்

மத்தேயு எழுதிய வரிசையில் பெரேட்சுக்குப்பின் எட்சரோன், இராம், அம்மினதாபு என மூன்று பெயர்கள் வருகின்றன. எட்சரோன், யாக்கோபின் குடும்பத்தோடு எகிப்துக்குச் சென்றவர்களின் பட்டியலில் இடம்பெறுபவர். இராம் என்ன செய்தார்? அம்மினதாபு என்ன பேசினார்? மறைநூல் அதைக் கூறவில்லை. ஒன்று மட்டும் விளங்குகிறது. இஸ்ரயேல் மக்கள் எகிப்தில் செங்கல் அறுத்து அடிமைப்பட்டுக் கிடந்த நெடுங்காலத்தை மத்தேயு இம்மூன்று பெயர்களால் கடந்து செல்கிறார். கோயில் இல்லை, குரு இல்லை, எழுதப்பட்ட திருச்சட்டமும் இல்லை. ஆபிரகாமின் கடவுள் வாக்களித்தார் என்னும் ஒரே செய்தி, அடிமைக் குடிசைகளில் தந்தை வாயினின்று மகன் செவிக்குச் சென்றது. அது நின்றுபோயிருந்தால் மோசே யாரிடம் சென்று மூதாதையரின் கடவுளைப்பற்றிப் பேசியிருப்பார்? கேட்பதற்கு ஆயத்தமான செவிகளை அந்தப் பெயரளவு மனிதர்களே காத்து வைத்தார்கள்.

அம்மினதாபின் மகன் நகசோன். இவருடைய தங்கை எலிசபாவையே ஆரோன் மணந்தார். பாலைநிலப் பயணத்தில் யூதா குலத்துக்குத் தலைவராயிருந்தவர் இவர். பாளையத்தின் கிழக்குத் திசையில் இவருடைய கொடி நாட்டப்பட்டது. மக்கள் புறப்பட்டபோது இவருடைய அணியே முதலிற் சென்றது. பலிபீடம் அருள்பொழிவு பெற்றபோது முதல் நாள் காணிக்கையை, 130 செக்கேல் நிறையுள்ள வெள்ளித் தட்டையும் 70 செக்கேல் நிறையுள்ள வெள்ளிக் கலத்தையும் கொண்டுவந்தவரும் இவரே. ஆயினும் வாக்களிக்கப்பட்ட நாட்டில் இவர் கால் பதிக்கவில்லை. எகிப்தினின்று புறப்பட்ட அத்தலைமுறையில் யோசுவாவும் காலேபும் தவிர மற்றோர் பாலையிலேயே மடிந்தனர். நகசோன் நடந்தார், அவருடைய மகன் சல்மோனின் தலைமுறை போய்ச் சேர்ந்தது. தாம் நட்ட மரத்தின் நிழலில் தாமே அமர வேண்டும் என்று எண்ணும் பெற்றோர்க்கு இவர் வாழ்வில் பாடம் இருக்கிறது.

அண்டை வீட்டார் பெயரிட்ட குழந்தை

சல்மோன் எரிகோ நகரத்து இராகாபை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் போவாசு. வேற்றினத்துத் தாயின் மடியில் வளர்ந்த அவர், மோவாபு நாட்டிலிருந்து வந்த ஏழைக் கைம்பெண் ரூத்து தம் வயலில் கதிர் பொறுக்கியபோது முகம் சுளிக்காததில் வியப்பென்ன? தாய் பெற்ற இரக்கம் மகனிடம் ஊறி நின்றது போலும்.

போவாசுக்கும் ரூத்துக்கும் பிறந்த மகன் ஓபேது. இவர் செய்த செயல் எதையும் மறைநூல் குறிப்பிடவில்லை. ஆனால் இவருடைய பிறப்பைப்பற்றி ஓர் அழகிய செய்தி ரூத்து நூலின் முடிவில் உண்டு. கணவனையும் இரு மைந்தரையும் இழந்து, வெறுங்கையளாய்ப் பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி அக்குழந்தையை எடுத்து மடியில் வைத்து வளர்த்தாள். அதற்குப் பெயரிட்டவர்களோ அண்டை வீட்டுப் பெண்கள்! பணியாளன் என்னும் பொருள்பட ஓபேது என்று அழைத்தவர்கள் அவர்களே. இந்த ஓபேதின் பேரன் தாவீது அரசர்.

தமிழில் பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். நம் வீடுகளில் பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை இட்டுவிட்டு, அப்பெயரைச் சொல்லிக் கடிந்துகொள்ள மருமகள் கூசுவதைப் பார்த்திருக்கிறோம். பெயரைத் தருவது எளிது; பெயரோடு அவருடைய நம்பிக்கையையும் தருவதே அரிது. நகோமி அதைத்தான் செய்தாள். பெற்றவள் ரூத்து, வளர்த்தவள் மாமியார், பெயரிட்டவர்கள் தெருவார். ஒரு குழந்தையின் நம்பிக்கைக்கு ஒரு தெருவே பொறுப்பேற்ற காட்சி இது. இன்று நம் பங்குகளில் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் பலர். சிலுவை அடையாளம் போடக் கற்பிக்கும் அந்த முதிய கை, நகோமியின் கையே.

தந்தை தீயவன், மகன் நல்லவன்

இயேசுவின் குலவரிசையில் அரசர்களும் வருகிறார்கள். அவர்களை எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் திடுக்கிடுகிறது. ஆகாசு தன் மகனையே நெருப்பில் பலியிட்டவன். அவன் மகன் எசேக்கியாவோ ஆண்டவரைப் பற்றிக்கொண்ட நல்லரசர். எசேக்கியாவின் மகன் மனாசே 55 ஆண்டுகள் ஆண்டு, சிலை வழிபாட்டாலும் குருதிப் பழியாலும் எருசலேமை நிரப்பினான். இறுதியில் மனம் வருந்தினான் என்று குறிப்பேடு கூறுகிறது. அவன் மகன் ஆமோன் இரண்டே ஆண்டுகள் ஆண்டு ஊழியரால் கொல்லப்பட்டான். ஆமோனின் மகன் யோசியா எட்டு வயதில் அரியணை ஏறி, திருச்சட்ட நூல் கண்டெடுக்கப்பட்டபோது ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுது, நாட்டை ஆண்டவரிடம் திருப்பினார்.

மத்தேயு இவ்வரிசையில் அகசியா, யோவாசு, அமட்சியா என்னும் மூவரை விட்டுவிட்டார். ஆனால் ஆகாசையோ, மனாசேயையோ, ஆமோனையோ மறைக்கவில்லை. இதில் இருவகைப் பெற்றோர்க்கும் செய்தி உண்டு. நல்லவர் வீட்டிலும் வழிதவறும் பிள்ளை பிறக்கலாம். ஆகவே, செபிக்கும் வீடு தானாகவே காக்கப்படும் என்று எவரும் அயர்ந்திருத்தல் ஆகாது. தீயவன் வீட்டிலும் இறைவனுக்குரிய பிள்ளை எழலாம். ஆகவே, குடிகாரத் தந்தைக்குப் பிறந்தவன், கடன்பட்டுக் கெட்ட வீட்டில் பிறந்தவன் என்று எந்தப் பிள்ளையையும் தள்ளிவிடுதல் கூடாது.

எட்டு வயதுச் சிறுவன் யோசியாவுக்கு இறைப்பற்றை ஊட்டியவர் யார்? தந்தையும் பாட்டனும் தந்த முன்மாதிரி மோசமானது. அரசர்கள் இரண்டாம் நூல் அவருடைய தாயின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறது: எதிதா, பொட்சக்காத்து ஊரைச் சேர்ந்த அதாயாவின் மகள். அவரைப்பற்றி வேறு ஒரு சொல்லும் இல்லை. எனினும், கணவனின் வழியைக் கண்டு கலங்கிய எத்தனையோ தாய்மார் அப்பெயரின்முன் சற்று நின்று ஆறுதல் பெறலாம்.

சிறையிலிருந்த அரசனும் எண்ணெய்க் கணக்கும்

யூதாவின் அரசன் எக்கோனியா 18 வயதில் அரியணை ஏறி, மூன்றே மாதங்களில், கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டான். ஜெர்மானிய ஆய்வாளர் கோல்டெவே 1899 முதல் பாபிலோனின் இடிபாடுகளை அகழ்ந்தபோது களிமண் பலகைகள் பல கிடைத்தன. அவற்றுள் சிலவற்றை 1939-இல் வைட்னர் என்னும் அறிஞர் படித்து வெளியிட்டார். யூதா நாட்டு அரசனுக்கும் அவனுடைய ஐந்து மைந்தருக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுக்கப்பட்ட எண்ணெயின் கணக்கு அதில் எழுதப்பட்டிருந்தது! மறைநூலின் ஒரு பெயர், பகைவன் வீட்டு எண்ணெய்க் கணக்கில் வெளிப்பட்டது.

அளந்து தரும் எண்ணெயை எதிர்பார்த்து வாழ்ந்த கைதிக்கு இனி என்ன எதிர்காலம் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் சிறைப்பட்ட 37-ஆம் ஆண்டில் அவன் விடுவிக்கப்பட்டு, மன்னனோடு பந்தியமர்ந்தான் என்று அரசர்கள் நூல் முடிகிறது. அவன் வழியில் வந்த செருபாபேல், நாடு கடத்தப்பட்டோரை எருசலேமுக்கு அழைத்து வந்து, கி.மு. 515-இல் நிறைவுற்ற இரண்டாம் கோவிலுக்கு அடிக்கல் இட்டார். வீட்டில் ஒருவர் சிறைக்கோ கடனுக்கோ ஆளாகி, மானம் போயிற்று என்று கதவடைத்துக்கொள்ளும் குடும்பங்கள், இந்த வரிசையைப் பாராயணம் செய்யலாம்.

ஒன்பது பெயர்கள், ஐந்து நூற்றாண்டுகள்

செருபாபேலுக்குப்பின் வருவோர் யாவர்? அபியூது, எலியாக்கிம், அசோர், சாதோக்கு, ஆக்கிம், எலியூது, எலயாசர், மாத்தான், யாக்கோபு. இந்த யாக்கோபின் மகனே மரியாவின் கணவர் யோசேப்பு. இவ்வொன்பது பேரைப்பற்றி மத்தேயுவின் வரிசையைத் தவிர விவிலியத்தில் வேறு குறிப்பு கிடையாது. இவர்கள் அரசர் அல்லர், இறைவாக்கினர் அல்லர். பாரசீகர் ஆண்டனர், கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்தார்; கி.மு. 167-இல் அந்தியோக்கு கோவிலைத் தீட்டுப்படுத்தினான், கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமில் நுழைந்தான். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் பேரரசுகள் மாறி மாறி உருண்டோட, தாவீதின் வழித்தோன்றல்கள் பெயரின்றி, புகழின்றி, ஓய்வுநாளை அனுசரித்து, பாஸ்கா உணவை உண்டு, மெசியா வருவார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வாழ்ந்தார்கள். இவர்களில் ஒருவர் நூலை அறுத்திருந்தால், நாசரேத்துத் தச்சன் தாவீதின் மகன் என்று அழைக்கப்பட்டிருப்பாரோ?

நம் மதுரை மறைப்பணி வரலாற்றிலும் இத்தகைய ஓர் இடைவெளி உண்டு. மல்லாங்கிணற்றுக்கு வடக்கே உள்ள மதுரையில் இராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1606-இல் வந்து தங்கினார். அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். வீரமாமுனிவர் இத்தென்னகத்தில் உழைத்தார். இப்பெயர்களை நம் பிள்ளைகள் அறிவர். ஆனால் 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். 1814-இல் அது மீண்டும் உயிர்பெற்றபோதிலும், 1838-இல்தான் அச்சபைக் குருக்கள் மதுரைப் பகுதிக்குத் திரும்ப வந்தனர். அந்த 65 ஆண்டுகளில், கோவாவிலிருந்து வந்த குருக்களும் வேறு சிலரும் இயன்றவரை உழைத்தனர். ஆயினும் குருவின் முகத்தைக் காணாமல் ஆண்டுகளைக் கழித்த ஊர்கள் பல. பாளையக்காரர் போர்களும் பஞ்சமும் இடையிடையே வந்தன. அந்நாளில் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களும், இறக்கும் தறுவாயிலிருந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்களித்த முதிய பெண்களும், செபமாலையைக் கையிலிருந்து நழுவ விடாத குடும்பத் தலைவர்களும் நம் அசோரும், நம் சாதோக்கும், நம் ஆக்கிமும் ஆவர். அவர்களுக்குச் சிலை கிடையாது, திருநாளும் கிடையாது. ஆனால் அவர்கள் இன்றி நாம் இல்லை.

தொழிலாளரைப் பதிந்து வைத்த ஏடு

மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் வந்து, தென்மேற்கே சென்றால் சிவகாசி. மழை பொய்க்கும் இந்த வறண்ட மண்ணிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதிலிருந்து தீப்பெட்டியும், பட்டாசும், அச்சும் இந்த வட்டாரத்தின் பிழைப்பாயின. அருப்புக்கோட்டைப் பக்கம் தறியின் ஓசை கேட்கிறது. இங்கு ஒருவர் குடும்பத்தைச் சொல்வதென்றால் தொழிலையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறிப்பேடு முதல் நூலின் 4-ஆம் அதிகாரம் யூதா குலத்தைப் பட்டியலிடும்போது இதையேதான் செய்கிறது. கைவினைஞர் பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர், மெல்லிய ஆடை நெய்த குடும்பத்தார், நெற்றாயிமிலும் கெதேராவிலும் வாழ்ந்து அரசனுக்காகப் பணிபுரிந்த குயவர் என அது தொழிலாளரையும் மறவாமல் எழுதி வைத்திருக்கிறது. இது இயேசு பிறந்த குலம்! மண் குழைத்த கையும், நூல் நூற்ற கையும் அரச குலத்தின் ஏட்டில் இடம்பெற்றன. எனவே, தீப்பெட்டிக் குச்சி அடுக்கிய தாயையோ, சரவெடி பின்னிய தந்தையையோ, படித்து உயர்ந்த பிள்ளை பிறர்முன் சொல்லக் கூசுதல் வேண்டா. கடவுளின் ஏடு அவர்களைக் குறித்து வைக்கும் ஏடு.

இத்தொழிலின் மறுபக்கமும் நாம் அறிந்ததே. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் பலர் மாண்டனர். காலையில் தூக்குச்சட்டியோடு சென்றவர் மாலையில் திரும்பாத வீடுகள் இப்பகுதியின் பல ஊர்களில் உள்ளன.

அவ்வீடுகளுக்காகவே எழுதப்பட்டது போன்ற ஒரு பகுதி குறிப்பேடு முதல் நூலின் 7-ஆம் அதிகாரத்தில், பெயர்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கிறது. எப்ராயிமின் மைந்தர், காத்து நாட்டாரின் கால்நடையைக் கவரச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டனர். தந்தை பலநாள் துக்கம் கொண்டாடினார். உறவினர் வந்து அவரைத் தேற்றினர். அதன்பின் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். தம் வீட்டுக்கு வந்த துயரத்தை நினைந்து அவனுக்குப் பெரியா என்று பெயரிட்டார். வழக்கமாகப் பட்டியல் எழுதுவோர், இன்னார் மகன் இன்னார் என்று எழுதி நகர்ந்துவிடுவர். இங்கோ அழுத கண்ணீருக்கும், ஆறுதல் கூற வந்தோரின் காலடிக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது.

அடுத்த வரியில் இன்னும் ஒரு வியப்பு! அந்தத் துயர வீட்டின் மகளாகிய செயேரா என்பவள் கீழ்ப் பெத்கோரோனையும் மேல் பெத்கோரோனையும், தன் பெயரால் வழங்கிய மற்றோர் ஊரையும் கட்டினாள் என்று காண்கிறோம். ஊர்களைக் கட்டியதாக விவிலியம் பெயர் சொல்லும் பெண் இவள் ஒருத்தியே. இறப்பு நுழைந்த வீட்டிலிருந்து ஊர் கட்டுபவள் எழுந்தாள். கணவனை இழந்தபின் கல் சுமந்தும், கட்டு ஒட்டியும், பிள்ளைகளைப் படிக்க வைத்து நிலைநிறுத்திய கரிசல் நாட்டுக் கைம்பெண்கள் இச்செயேராவுக்குத் தங்கைமார் அல்லரோ? ஆண்களின் பெயரே நிரம்பிய ஏட்டில் அவளுக்கு ஒரு வரி கிடைத்தது. நம் பங்குகளிலும் அத்தகைய பெண்களின் பெயரைச் சொல்லிப் பெருமை செய்வது நம் கடன். துயர வீட்டில் பதினாறாம் நாள் வரை கூடியிருந்துவிட்டுப் பின்னர் மறந்துவிடாமல், எப்ராயிமின் உறவினர்போல் தேற்ற வருவோர் நம்மில் பெருக வேண்டும்.

நம் வீட்டு ஏடு

பாபிலோனிலிருந்து திரும்பியோருள் சில குரு குடும்பங்கள் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடியும் காணாமல், குருத்துவப் பணியை இழந்தன என்று எஸ்ரா நூல் குறிப்பிடுகிறது. ஏட்டைத் தொலைத்தவர் இடத்தையும் தொலைத்தனர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்னும் கிறிஸ்தவ எழுத்தாளர் வேறொரு செய்தியைத் தருகிறார். வரலாற்றாசிரியர் எவுசேபியு அதனைக் காத்து வைத்துள்ளார். ஏரோது மன்னன் குலப் பதிவேடுகளை எரித்துவிட்டபோது, ஆண்டவரின் உறவினர் உட்படச் சில குடும்பங்கள், நினைவிலிருந்தும் தங்களிடமிருந்த படிகளிலிருந்தும் தம் குலவரிசையைக் காத்து, நாசரேத்து முதலிய ஊர்களிலிருந்து பிற இடங்களுக்கும் எடுத்துச் சென்றனராம். மத்தேயு யோசேப்பின் தந்தையை யாக்கோபு என்கிறார். லூக்கா ஏலி என்கிறார். இவ்வேறுபாட்டுக்கு, உடன்பிறந்தான் பிள்ளையின்றி இறந்தால் அவன் மனைவியை மணந்து அவனுக்கு வாரிசு உண்டாக்கும் யூத வழக்கத்தைக் காட்டி விளக்கம் கூறியவரும் இந்த ஆப்பிரிக்கானுஸே.

திருச்சபையும் தன் பிள்ளைகளின் பெயரை எழுதி வைப்பதைக் கடமையாகக் கொண்டது. 1563-இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் திருமணங்களையும், திருமுழுக்கில் நின்ற ஞானப்பெற்றோர் பெயர்களையும் பங்குக் குரு ஏட்டில் பதிய வேண்டும் எனப் பணித்தது. இன்றும் ஒவ்வொரு பங்கிலும் அலமாரியில் உறங்கும் அப்பழைய ஏடுகள் நம்முடைய மத்தேயு முதல் அதிகாரம். பள்ளிச் சேர்க்கைக்கோ திருமணத்துக்கோ சான்றிதழ் வேண்டும்போது மட்டும் நாம் அவற்றைத் தேடிச் செல்கிறோம்.

ஆகவே, அன்புக் குடும்பத்தாரே, வருகின்ற திருவருகைக் காலத்தில் ஒரு சிறு முயற்சி செய்வோம். வீட்டில் ஒரு குறிப்பேடு வாங்குவோம். பாட்டன், பூட்டன், அப்பத்தா, அம்மாச்சி என நினைவுக்கு எட்டிய வரை பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுப் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவிப்போம். அவரவர் செய்த தொழிலையும் எழுதுவோம். குடும்பத்தில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றவர் யார் என்று தெரிந்தால் அதனைக் கொட்டை எழுத்தில் பொறிப்போம். யார் சொல்லிக்கொடுத்து நாம் செபம் கற்றோம் என்பதையும் குறிப்போம். வழிதவறியவர் பெயரையும் அடிக்காமல் எழுதுவோம். மனாசேயின் பெயரை மத்தேயு அடிக்கவில்லை. மருமகளாய் வந்தவர்களின் பெயர்களை விடாது எழுதுவோம். தாமாரும், இராகாபும், ரூத்தும் பிற குலத்திலிருந்து வந்தவர்களே. விபத்தில் மாண்டவர் இருந்தால் அந்நாளையும் எழுதி, ஆண்டுதோறும் அன்று குடும்பமாகச் செபிப்போம். டிசம்பர் 17 அன்று மாலை மத்தேயுவின் வரிசையை வாசித்துவிட்டு, அதனைத் தொடர்ந்து நம் வீட்டு வரிசையையும் உரக்க வாசிப்போம். நாவில் புரளாத அப்பெயர்களைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் தம் பெயரும் வரிசையின் முடிவில் வருவதைக் கேட்கட்டும்.

பெரிய காரியம் எதையும் செய்யாத இராமும், ஓபேதும், அசோரும் இறைமகன் மனிதராய்ப் பிறக்கும் வழியில் ஒவ்வொரு படியாய் அமைந்தனர். நம்மிடம் கேட்கப்படுவதும் அவ்வளவே. நமக்கு முன் நின்றவரிடமிருந்து பெற்றதை, நமக்குப்பின் நிற்கும் பிள்ளையின் கையில் குறையாமல் கொடுத்துச் செல்லும் அருளை, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுள் நம் இல்லங்கள் அனைத்துக்கும் தந்தருள்வாராக.